செம்மண்ணில் துவரை செழிக்கிறது, நிலக்கடலை திணறுகிறது: வேரமைப்பு காரணமா?

மானாவாரிக்காடு (திருவண்ணாமலை மாவட்டம்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் நிலம் மானாவாரிச் செம்மண். ஆடிப் பட்டத்தில் நிலக்கடலையும், ஆறு வரிசைக்கு ஒரு வரிசை வீதம் அதனுள் துவரையும் விதைத்து வருகிறோம். விதைப்புக்கு முந்தைய உழவின்போது, மணிச்சத்து (பாஸ்பரஸ்) தரும் டி.ஏ.பி. உரத்தைக் கையால் தூவி, மண்ணோடு கலந்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். இத்தனை ஆண்டுகளாக உரம் இட்டும், மண் பரிசோதனை அட்டையில் மணிச்சத்து "குறைவு" என்றே வருகிறது. நிலக்கடலைச் செடிகள் குட்டையாக நின்றுவிடுகின்றன; இலைகள் வெளுக்கவில்லை, மாறாகப் பளபளப்பில்லாத கரும்பச்சையாக இருக்கின்றன. பிடுங்கிப் பார்த்தால் பருப்பில்லாத பொக்குக் காய்கள் அதிகம். அதே கொல்லையில், அதே உரத்தில், இரண்டடி தள்ளி நிற்கும் துவரை மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் வளர்ந்து காய்க்கிறது.

"துவரைக்கு ஆணிவேர் ஆழமாகப் போகிறது, கீழே இருக்கும் சத்தை எடுத்துக்கொள்கிறது, கடலைக்கு வேர் மேலாகவே இருப்பதால் மேலே உள்ளது தீர்ந்ததும் வாடுகிறது" என்று ஊரில் பெரியவர்கள் சொல்கிறார்கள். ஆனால் நான் பிடுங்கிப் பார்த்தவரை நிலக்கடலைக்கும் நல்ல ஆணிவேர் இருக்கிறது. வேரின் வடிவத்துக்கும் பயிர் எடுக்கும் சத்துக்கும் உள்ள உறவு உண்மையில் என்ன? ஆழம்தான் காரணமா, வேறு ஏதேனும் இருக்கிறதா? அதை அறிந்தால் உரத்தை எங்கே, எப்படி இடுவது என்பதையும் மாற்றிக்கொள்ள முடியும் என்று நினைக்கிறேன். விளக்கம் தெரிந்தவர்கள் சற்று விரிவாகவே எழுத வேண்டுகிறேன்.

---

வேர்மண்டலம் எழுதியது:

வணக்கம். உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வது நீரைப் பொறுத்தவரை சரி, தழைச்சத்தை (நைட்ரஜன்) பொறுத்தவரை பெருமளவு சரி, மணிச்சத்தைப் பொறுத்தவரை சரியில்லை. இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்தால்தான் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும்.

செடியின் வேர்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும், மேல்மண்ணின் கன அளவில் நூற்றில் ஒரு பங்கைக்கூட அவை பெரும்பாலும் நிரப்புவதில்லை. எனவே, வேர் நேரடியாகப் போய்த் தொடும் இடத்தில் இருக்கும் சத்து மட்டும் பயிருக்குப் போதாது. மீதி அனைத்தும் மண்ணிலிருந்து வேரை நோக்கி நகர்ந்து வந்தாக வேண்டும். இந்த நகர்வில்தான் சத்துக்குச் சத்து பெரிய வேறுபாடு இருக்கிறது. நைட்ரேட் வடிவில் இருக்கும் தழைச்சத்து மண்துகளோடு ஒட்டுவதில்லை. நீரில் கரைந்து நீரோடு போகிறது. இலைகள் நீரை ஆவியாக்க ஆவியாக்க, வேர் மண்நீரை இழுக்கிறது, அந்த நீரோடு நைட்ரேட்டும் பல சென்டிமீட்டர் தொலைவிலிருந்து வந்து சேர்கிறது. சுண்ணாம்புச்சத்தும் (கால்சியம்) மக்னீசியமும் வேர் வரை வருவது பெரும்பாலும் இவ்வழியில்தான். மணிச்சத்து அப்படி வராது. செம்மண்ணில் உள்ள இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதால், மண்நீரில் கரைந்திருக்கும் பங்கு மிகமிகச் சிறியது. அந்தச் சிறு பங்கும் செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு மெல்லப் பரவித்தான் வேரை அடைகிறது. ஒரு பயிர்க்காலம் முழுவதும் அது நகரும் தொலைவு ஓரிரு மில்லிமீட்டர் அளவே. சாம்பல்சத்து (பொட்டாஷ்) இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது. அதுவும் பெரும்பாலும் பரவியே வருகிறது, எனினும் மணிச்சத்தைவிட வேகமாக.

ஆகவே, வேரைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் கனத்துக்கு மணிச்சத்து தீர்ந்துபோன ஓர் உறை உருவாகிவிடுகிறது. அதற்கு அப்பால், அரை சென்டிமீட்டர் தள்ளிக் கிடக்கும் மணிச்சத்து அந்த வேருக்கு இல்லாததுபோலத்தான். செடி என்ன செய்ய முடியும்? புதிய மண்ணுக்குள் புதிய வேரை விட வேண்டும், அல்லது இருக்கும் வேரிலிருந்து அந்த உறையைத் தாண்டி நீளும் எதையாவது அனுப்ப வேண்டும், அல்லது பிடித்து வைத்திருக்கும் மண்ணிடமிருந்து மணிச்சத்தை விடுவிக்க வேண்டும். பயிர்களின் வேரமைப்பில் நாம் காணும் வேறுபாடுகளில் பெரும்பகுதி இந்த மூன்றுக்குள் அடங்கும்.

உறையைத் தாண்டி நீள்வதில் முதன்மையானது வேர்த்தூவி. ஒரு தூவியின் தடிமன் ஏறத்தாழ 0.01 மில்லிமீட்டர், நீளம் பயிரைப் பொறுத்து ஒரு மில்லிமீட்டர் வரையிலும் அதற்குச் சற்று மேலும் போகும். அளவு சிறிது என்று எண்ணிவிட வேண்டாம். 1937-இல் ஹோவர்ட் டிட்மர் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர், பெட்டியில் நான்கு மாதம் வளர்ந்த ரை என்ற தானியத்தின் ஒரே ஒரு செடியின் வேர்களை அளந்து கணக்கிட்டபோது, வேர்களின் மொத்த நீளம் 620 கிலோமீட்டருக்கு மேல் வந்தது. தூவிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 1,400 கோடி. செடி வேருக்காக எவ்வளவு செலவு செய்கிறது என்பதை இந்த ஒரு கணக்கே காட்டும். தூவியைவிட மெல்லியது, வேருக்குள் வாழ்ந்து செடியோடு கூட்டுச் சேரும் பூஞ்சையான வேர் உட்பூசணத்தின் இழை. அது வேரிலிருந்து சில சென்டிமீட்டர் வரை வெளியே நீண்டு, வேர் நுழைய முடியாத நுண்துளைகளுக்குள்ளும் புகுந்து, மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பதிலுக்குச் செடியிடமிருந்து சர்க்கரை பெறுகிறது.

இனி ஆழத்துக்கு வருகிறேன். இட்ட உரம், தொழு உரம், உதிர்ந்த இலை எல்லாம் மேலேயே விழுவதாலும், விழுந்த மணிச்சத்து கீழே இறங்காததாலும், பயிர் எடுக்கக்கூடிய மணிச்சத்து பெரும்பாலும் மேல்மண்ணில்தான் இருக்கிறது. அப்படியானால் ஆழமாகப் போகும் வேர் மணிச்சத்துக்கு உதவாது. மேல்மண்ணில் பரவலாகக் கிளைக்கும் வேர்தான் உதவும். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜொனாதன் லிஞ்சும் அவருடைய குழுவினரும் பீன்ஸ் பயிரில் இதை நீண்ட காலம் ஆராய்ந்திருக்கிறார்கள். மணிச்சத்து குறைந்த மண்ணில், அடிவேர்கள் படுக்கைவாட்டில் விரியும் வகைகள் நன்றாக வளர்கின்றன. வறட்சியில், வேர் செங்குத்தாக இறங்கும் வகைகள் நன்றாக நிற்கின்றன. செடி வேருக்கென ஒதுக்கும் உணவு ஓர் அளவுக்கு உட்பட்டது. மேலே செலவிட்டால் கீழே குறையும். எல்லாச் சத்துக்கும் சிறந்த வேர் வடிவம் என்று ஒன்று இல்லாததற்கு இதுவே காரணம்.

அப்படியானால், உங்கள் துவரை ஏன் செழிக்கிறது? அதற்குக் காரணம் வேரின் ஆழம் அன்று, வேரின் சுரப்பு. ஹைதராபாத்துக்கு அருகே படான்செருவில் உள்ள இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தில் நொரிஹாரு ஆயே என்ற ஜப்பானிய ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் செய்த ஆய்வு 1990-இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது. உங்கள் நிலத்தைப் போன்ற செம்மண்ணில், மணிச்சத்து உரம் இடாமல் பல பயிர்களை வளர்த்தார்கள். சோளம், மக்காச்சோளம் போன்றவை திணறிய மண்ணில் துவரை வளர்ந்தது. துவரை வேர் பிசிடிக் அமிலம் என்ற பொருளையும் அதன் வழிப்பொருள்களையும் சுரக்கிறது; அது இரும்பைப் பற்றிக்கொள்வதால், இரும்போடு பிணைந்திருந்த மணிச்சத்து விடுபடுகிறது என்பது அவர்களுடைய விளக்கம். மாலோனிக் அமிலம் போன்ற வேறு அமிலங்களும் துவரை வேரிலிருந்து சுரக்கின்றன என்று பிற்பாடு தெரியவந்தது. எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் மற்றப் பயிருக்கு எட்டாத இரும்புப் பிணைப்பு மணிச்சத்து துவரைக்கு எட்டுகிறது என்ற அடிப்படை முடிவு உங்கள் கொல்லையில் நீங்கள் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது.

மண் பரிசோதனை அட்டை "குறைவு" என்று காட்டுவதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஆய்வகத்தில் ஒரு குறிப்பிட்ட கரைசல் எவ்வளவு மணிச்சத்தைப் பிரித்தெடுக்கிறதோ அந்த அளவுதான் அட்டையில் வருகிறது. அது சராசரிப் பயிருக்கு எட்டும் அளவுக்கான ஒரு மதிப்பீடு. நீங்கள் இத்தனை ஆண்டுகள் இட்ட டி.ஏ.பி.யில் பயிர் எடுத்தது போக மீதி எங்கும் ஓடிவிடவில்லை. பெரும்பகுதி இரும்போடும் அலுமினியத்தோடும் பிணைந்து அதே மண்ணில் இருக்கிறது. கரைசல் அதை எட்டவில்லை, துவரை வேர் ஓரளவு எட்டுகிறது.

---

தாளடி (ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்) எழுதியது:

வேர்மண்டலம் அவர்களின் விளக்கம் சிறப்பாக உள்ளது. அவர் தொடாத ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பொக்குக் காயை மணிச்சத்துக் கணக்கில் எழுதிவிட வேண்டாம். கரும்பச்சை இலையும் குட்டை வளர்ச்சியும் மணிச்சத்துக் குறையாக இருக்கலாம். காய் திரண்டும் உள்ளே பருப்பு இல்லாமல் போவது பெரும்பாலும் சுண்ணாம்புச்சத்துக் குறை. இதற்கும் வேருக்கும் உள்ள தொடர்பு மிகவும் விந்தையானது. ஏனென்றால், இங்கே சத்தை எடுக்க வேண்டியது வேரே அன்று.

சுண்ணாம்புச்சத்து செடிக்குள் நீர் ஏறும் குழாய்களில் மட்டுமே செல்கிறது. இலையில் தயாரான உணவு இறங்கும் குழாய்களில் அது ஏறக்குறைய நகர்வதே இல்லை. எந்த உறுப்பு நீரை ஆவியாக்குகிறதோ அந்த உறுப்புக்குத்தான் நீரும், நீரோடு சுண்ணாம்புச்சத்தும் போகும். நிலக்கடலைக் காய் மண்ணுக்குள் இருக்கிறது. அது நீரை ஆவியாக்குவதில்லை. ஆகவே, வேர் எவ்வளவு சுண்ணாம்புச்சத்தை எடுத்தாலும், அது இலைக்குப் போய்விடுமே தவிர, காய்க்குத் திரும்பி வராது. காய் தனக்கு வேண்டியதைத் தன் தோலின் வழியாக, தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து தானே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பூவிலிருந்து நீளும் விழுது மண்ணில் இறங்கி நுனி பருக்கத் தொடங்கும்போது, மேலே நான்கைந்து சென்டிமீட்டர் மண்ணில் ஈரமும் சுண்ணாம்புச்சத்தும் சேர்ந்து இருந்தால்தான் பருப்பு நிரம்பும்.

எக்டருக்கு 400 கிலோ, அதாவது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தை, விதைத்த 40 முதல் 45 நாட்களில் செடியோரமாக இட்டு மண் அணைக்கச் சொல்வது இதற்காகத்தான். மானாவாரியில் மழையைப் பார்த்துச் சற்றுத் தள்ளியும் இடலாம். அடியுரமாக ஆழத்தில் போட்டுவிட்டால் வேருக்குக் கிடைக்கும், காய்க்குக் கிடைக்காது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பொட்டாஷை மிகுதியாக மேலுரமாகக் காய் இறங்கும் இடத்திலேயே கொட்டினால், அது சுண்ணாம்புச்சத்தோடு போட்டியிட்டுப் பொக்கைக் கூட்டும். நிலக்கடலைக்கு டி.ஏ.பி.க்குப் பதிலாக சூப்பர் பாஸ்பேட்டை நான் எப்போதும் வலியுறுத்தி வந்திருக்கிறேன். மணிச்சத்தோடு சுண்ணாம்புச்சத்தும் கந்தகமும் அதில் சேர்ந்தே வருகின்றன, எண்ணெய் வித்துக்கு இரண்டும் தேவை.

---

கரிசல்மேடு (கோவில்பட்டி) எழுதியது:

துவரையைப் பற்றி மேலே எழுதியதைப் படித்துவிட்டு, எங்களைப் போன்ற கரிசல்காரர்கள் யாரும் "துவரை போட்டால் மணிச்சத்து உரம் வேண்டாம்" என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். கரிசல் மண்ணில் மணிச்சத்து இரும்போடு பிணைந்திருப்பதைவிடச் சுண்ணாம்போடு பிணைந்திருப்பதே அதிகம். இரும்பைப் பற்றி மணிச்சத்தை விடுவிக்கும் துவரையின் திறமைக்கு இங்கே பெரிய வேலை இல்லை. சுண்ணாம்புப் பிணைப்பைக் கரைக்க வேரடியில் அமிலத்தன்மை கூட வேண்டும். அதில் வல்லது கொண்டைக்கடலை. அதன் வேர் சிட்ரிக் அமிலத்தையும் வேறு சில கரிம அமிலங்களையும் சுரக்கிறது. (அதன் இலைத்தூவிகளும் அமிலம் சுரப்பவைதான்; பனிக்காலத்தில் விடியற்காலை கொண்டைக்கடலைக் காட்டுக்குள் நடந்தவர்களுக்கு, செடியில் நனைந்த விரலை நாக்கில் வைத்தால் புளிக்கும் என்பது தெரியும்.) எந்த மண்ணில் மணிச்சத்து எதனோடு பிணைந்திருக்கிறது என்று பார்த்து, அதற்கு ஏற்ற வேருள்ள பயிரைத் தேர்ந்தெடுப்பதே முறை.

நிலக்கடலை இங்கே வேறொரு துன்பத்தைச் சந்திக்கிறது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இளம் இலைகள், நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இடைப்பகுதி வெளிறி மஞ்சளாகின்றன. இது இரும்புச்சத்துக் குறை. புல்லினப் பயிர்களான சோளமும் மக்காச்சோளமும் அதே மண்ணில் அவ்வளவு வெளிறுவதில்லை. இரும்பை எடுக்கும் முறையே இரு குடும்பங்களிலும் வேறு. நிலக்கடலை போன்ற இருவித்திலைப் பயிர்கள் வேரடி மண்ணை அமிலமாக்கி, வேரின் புறத்தோலில் இரும்பை எளிதில் கரையும் வடிவுக்கு மாற்றி எடுக்கின்றன. சுண்ணாம்பு அந்த அமிலத்தை உடனே முறித்துவிடுகிறது. புல்லினங்களோ இரும்பைப் பற்றும் ஒரு பொருளை மண்ணில் சுரந்து, இரும்போடு சேர்த்து அதைத் திரும்ப இழுத்துக்கொள்கின்றன. சுண்ணாம்பு இதை அவ்வளவாகத் தடுப்பதில்லை. சீனாவில் சுண்ணாம்பு மண்ணில் நிலக்கடலையை மக்காச்சோளத்தோடு அடுத்தடுத்த வரிசைகளில் வளர்த்தபோது, வேர்கள் கலந்து நின்ற வரிசைகளில் கடலையின் வெளிறல் குறைந்ததைக் கண்டிருக்கிறார்கள். ஒரு பயிரின் வேர்ச்சுரப்பு பக்கத்துப் பயிருக்கும் பயன்படுகிறது. எங்கள் பகுதியில் கடலைக்குள் சோளத்தையோ கம்பையோ சேர்த்து விதைத்த பழைய வழக்கத்தை விட்டுவிட்டது இழப்பு என்றே நான் கருதுகிறேன்.

---

மானாவாரிக்காடு எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பொக்குக் காய்க்கும் குட்டை வளர்ச்சிக்கும் காரணம் வேறுவேறாக இருக்கலாம் என்பதே எனக்குப் புதிய செய்தி. மேலும் மூன்று ஐயங்கள் உள்ளன. நிலக்கடலையின் வேரில் தூவி குறைவு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படியானால் மணிச்சத்தை அது எப்படித்தான் எடுக்கிறது? மணிச்சத்தைக் கரைக்கும் நுண்ணுயிர் உரமான பாஸ்போபாக்டீரியா இட்டால் இந்தச் சிக்கல் தீருமா? ஆய்வகம் ஏதுமின்றி, கொல்லையிலேயே வேரைப் பார்த்து ஏதாவது தெரிந்துகொள்ள வழி உண்டா?

---

வேர்மண்டலம் எழுதியது:

நிலக்கடலையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது சரி. மற்றப் பயிர்களைப் போல வேர் நெடுக வரிசையாகத் தூவிகள் அதில் இருப்பதில்லை. பக்கவேர் கிளைக்கும் மூட்டுகளில் மட்டும் கொத்தாக நிற்கும். வேர்முடிச்சு உண்டாக்கும் ரைசோபியம் பாக்டீரியாகூட, பெரும்பாலான பயறுகளில் தூவி வழியாக நுழைவதுபோல் இதில் நுழைவதில்லை, பக்கவேர் வெடித்து வெளிவரும் இடத்திலுள்ள வெடிப்பின் வழியாகவே நுழைகிறது. நிலக்கடலையின் முடிச்சுகள் பக்கவேர்களின் கக்கத்தில் உட்கார்ந்திருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

தூவி குறைந்த இந்தப் பயிர் வேர் உட்பூசணத்தை மிகவும் நம்பியிருக்கிறது. அதோடு, நான் முன்பு சொன்ன ஆயே, 1996-இல் வேறு ஆய்வாளர்களோடு சேர்ந்து, நிலக்கடலை வேரின் புறச்செல் சுவரே இரும்பைப் பற்றி, பிணைந்த மணிச்சத்தைக் கரைக்கும் தன்மை உடையது என்ற கருத்தை முன்வைத்தார். இது துவரையிலிருந்து வேறுபட்ட முறை. துவரை சுரந்து அனுப்புவதால் வேருக்குச் சற்று அப்பாலுள்ள மண்ணிலும் வேலை நடக்கும். நிலக்கடலையிலோ வேர் எந்த மண்துகளைத் தொடுகிறதோ அங்கே மட்டும்தான் நடக்கும். ஆகவே, நிலக்கடலைக்குப் புதிய மண்ணைத் தொட்டுக்கொண்டே இருக்கும் பக்கவேர் வளர்ச்சி இன்றியமையாதது. மேல்மண் காய்ந்து இறுகினால் அந்த வளர்ச்சி நின்றுவிடும், மணிச்சத்து எடுப்பதும் அத்துடன் நிற்கும். மண் காயும்போது மணிச்சத்து வேரை நோக்கிப் பரவும் வழியும் குறுகிவிடுகிறது, ஏனெனில் பரவுவதற்கு வேண்டிய நீர்ப்படலம் மெலிந்து அறுபடுகிறது. மானாவாரியில் விதைத்த பிறகு நீண்ட வறட்சி வரும் ஆண்டுகளில் உங்கள் செடிகள் கூடுதலாகக் கரும்பச்சையாகக் குறுகி நிற்கின்றனவா என்று கவனித்துப் பாருங்கள்.

பாஸ்போபாக்டீரியாவை நான் தடுக்க மாட்டேன். செலவு குறைவு, தீங்கில்லை. ஆனால் அதன் பெரும் பயன் சுண்ணாம்புப் பிணைப்பைக் கரைப்பதில்தான் தெளிவாகத் தெரிகிறது. செம்மண்ணின் இரும்புப் பிணைப்பில் பலன் ஒரே சீராக இருப்பதில்லை. உங்கள் நிலத்தில் அதைவிட முதன்மையானது, மண்ணில் ஏற்கெனவே உள்ள வேர் உட்பூசணத்தைக் காப்பது. நிலத்தை நீண்ட காலம் பயிரின்றி வெறுமையாகப் போட்டால் அது குறையும். கடுகு, முட்டைக்கோசு குடும்பத்துப் பயிர்களும் கீரைத்தண்டு, பீட்ரூட் குடும்பத்தில் பெரும்பாலானவையும் இந்தப் பூசணத்தோடு கூட்டுச் சேர்வதில்லை. அவற்றையே தொடர்ந்து பயிரிட்ட நிலத்தில் அடுத்து வரும் நிலக்கடலைக்குத் துணை குறைவாக இருக்கும். மணிச்சத்து உரத்தை அளவுக்கு மீறி இட்டாலும் செடி பூசணத்தைச் சேர்த்துக்கொள்வதைக் குறைத்துவிடும்.

உரம் இடும் இடத்தைப் பற்றி நீங்கள் முதலில் கேட்டதற்கு வருகிறேன். தூவி உழுவது செம்மண்ணில் மணிச்சத்துக்கு உகந்த முறை அன்று. தூவும்போது ஒவ்வொரு மணியும் தன்னைச் சுற்றிலும் புதிய இரும்புத் துகள்களைச் சந்திக்கிறது, பிணைப்பு மிகுகிறது. விதைச் சாலுக்குப் பக்கத்தில் ஐந்து சென்டிமீட்டர் தள்ளி, ஐந்து சென்டிமீட்டர் கீழே, பட்டையாக விழும்படி விதைப்புக் கருவியில் இட்டால், அந்தப் பட்டையில் பிணைப்பிடங்கள் நிறைந்துபோய், மீதி கரைந்த நிலையிலேயே இருக்கும். முளைத்த செடியின் முதல் பக்கவேர்கள் அங்கேயே நுழையும். மணிச்சத்து செறிந்த இடத்தில் பக்கவேர் அடர்ந்து கிளைப்பது பல பயிர்களில் தெளிவாகக் காணப்பட்ட ஒன்று. அதே அளவு உரம், இடத்தை மாற்றியதால் மட்டுமே கூடுதலாகப் பயன்படும். டி.ஏ.பி.யை விதையின் மேலேயே விழும்படி மட்டும் விடக் கூடாது. ஈரம் குறைந்த மண்ணில் முளைப்பு பாதிக்கும்.

தழைச்சத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது நீரோடு நகரும் என்பதால் இடத்தைவிடக் காலமே முதன்மை. நிலக்கடலையின் வேர்மட்டத்தைத் தாண்டி மழையில் இறங்கிவிடும் நைட்ரேட்டைப் பிடிக்க, கடலை அறுவடைக்குப் பிறகும் இரண்டு மாதத்துக்கு மேல் நிலத்தில் நிற்கும் துவரையின் ஆழ்ந்த வேருக்கு வாய்ப்பு உண்டு. உங்கள் ஊர்ப் பெரியவர்களின் விளக்கம் முழுமையாகப் பொருந்துவது இந்த இடத்தில்தான்.

---

வெட்டாற்றங்கரை (திருவாரூர் மாவட்டம்) எழுதியது:

இடையில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். நெல்லுக்கு ஆணிவேரே இல்லை, சல்லிவேர் மட்டுமே. சேற்று உழவால் உண்டான இறுகிய படுகை ஓர் அடிக்குள்ளேயே இருப்பதால் வேர் கீழே போவதும் இல்லை. இவ்வளவு இருந்தும், எங்கள் வயலில் மணிச்சத்துக் குறை அரிதாகத்தான் தெரிகிறது. இது எப்படி?

---

தாளடி எழுதியது:

நீர் கட்டிய வயலில் மண்ணே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. காற்று இல்லாத சேற்றில் இரும்பு கரையும் வடிவுக்கு மாறும்போது, அதோடு பிணைந்திருந்த மணிச்சத்தும் விடுபடுகிறது. எங்கும் நீர் நிறைந்திருப்பதால் பரவுவதற்கும் தடை இல்லை. நெல்லின் சல்லிவேர் மேல்மண் முழுவதும் அடர்ந்து நிற்பதால், விடுபட்டதை உடனே எடுத்துக்கொள்கிறது. வேருக்குள் உள்ள காற்றறைகள் வழியாக இலையிலிருந்து உயிர்வளி இறங்கி வருவதால்தான் அந்தச் சேற்றில் வேர் உயிரோடு இருக்கிறது. பிடுங்கிய நாற்றின் வேரில் துருப்பிடித்ததுபோல் படிந்திருக்கும் செந்நிறம், அந்த உயிர்வளி பட்டு வேர்மேல் படிந்த இரும்புதான்.

அதே நெல்லை மேட்டு நிலத்தில் புழுதி விதைப்பாக விதைத்துப் பாருங்கள், மணிச்சத்துக் குறை உடனே தெரியும். அத்தகைய நிலங்களுக்காகவே, கசலத் என்ற ஆஸ் வகைப் பாரம்பரிய நெல்லிலிருந்து, இளம் பருவத்தில் வேர் வளர்ச்சியைக் கூட்டி மணிச்சத்து எடுப்பை உயர்த்தும் மரபணு ஒன்றைப் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் கண்டறிந்து 2012-இல் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டிலேயே, பிலிப்பைன்சின் கினாண்டாங் பாடோங் என்ற மேட்டுநில நெல்லில், வேர் கீழ்நோக்கி வளரும் கோணத்தைக் கூட்டும் மரபணுவை ஜப்பானிய ஆய்வாளர்கள் அறிவித்தார்கள், அதை ஐ.ஆர். 64 ரகத்தில் சேர்த்தபோது வறட்சியில் விளைச்சல் காத்தது. ஒன்று மணிச்சத்துக்கான வேர், மற்றொன்று நீருக்கான வேர். இரண்டும் ஒன்றல்ல என்பதை வேர்மண்டலம் மேலே பீன்ஸை வைத்துச் சொன்னார், நெல்லிலும் அதுவே.

---

வேர்மண்டலம் எழுதியது:

மானாவாரிக்காடு அவர்களின் கடைசி ஐயம் மீதி இருக்கிறது. வேரைப் பார்க்க ஆய்வகம் தேவையில்லை. ஒரு மண்வெட்டியும் ஒரு வாளி நீரும் போதும். செடியைப் பிடுங்கிப் பார்ப்பதுதான் கூடாது, ஏனென்றால் நமக்கு வேண்டிய மெல்லிய வேர்கள் அனைத்தும் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும், ஆணிவேர் மட்டும் கையில் வரும். பூக்கும் பருவத்தில், நல்ல மழைக்கு ஓரிரு நாள் கழித்து, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி நான்கு பக்கமும் ஓர் அடி ஆழத்துக்கு வெட்டி, மண்கட்டியோடு தூக்குங்கள். அதை வாளி நீரில் அரைமணி நேரம் ஊறவிட்டு, உள்ளேயே மெதுவாக அசைத்தால் மண் கரைந்து இறங்கும். பிறகு வெள்ளைத் தட்டில் சிறிது நீர் விட்டு வேரைப் பரப்பிப் பாருங்கள்.

பார்க்க வேண்டியவை சில உண்டு. பக்கவேர்கள் எந்த ஆழத்தில் அடர்ந்துள்ளன, உரம் விழுந்த பக்கத்துக்கும் விழாத பக்கத்துக்கும் வேறுபாடு தெரிகிறதா? நுனிவேர்கள் வெண்மையாக உள்ளனவா, பழுப்பேறி உள்ளனவா? முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கிறதா? இளஞ்சிவப்பு இருந்தால் தழைச்சத்து சேர்ப்பது நடக்கிறது என்று பொருள்; பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் நின்றுவிட்டது. மணிச்சத்து குறைந்தாலும் முடிச்சு சிறுத்துவிடும், ஏனெனில் அந்தப் பணிக்கு மணிச்சத்து நிறைய வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஆணிவேரின் வடிவத்தைப் பாருங்கள். நேராக இறங்கிய வேர் ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் திடீரென்று தடித்து, பக்கவாட்டில் வளைந்து போயிருந்தால், அங்கே இறுகிய படுகை இருக்கிறது. செம்மண் நிலங்களில் ஒரே ஆழத்தில் உழுது உழுது அது உருவாகியிருப்பது வழக்கம். கடலையிலும் துவரையிலும் ஒரே ஆழத்தில் வளைவு தெரிந்தால் ஐயமே வேண்டாம். அந்த நிலையில், உளிக்கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில் முதலில் ஒரு திசையிலும் பிறகு குறுக்காகவும் ஓட்டி, எக்டருக்கு 12.5 டன் தொழு உரமோ மக்கிய தென்னை நார்க்கழிவோ சேர்க்க வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை செய்தால் போதும். இதைக் கோடையில், மண் காய்ந்திருக்கும்போது செய்வது நல்லது. நனைந்த மண்ணில் ஓட்டினால் படுகை உடையாது, கீறல் மட்டுமே விழும்.

வரும் பட்டத்துக்கு முழு நிலத்தையும் மாற்ற வேண்டாம். ஒரு பகுதியில் சூப்பர் பாஸ்பேட்டைப் பட்டையாக இட்டு, மறுபகுதியில் உங்கள் வழக்கப்படி தூவுங்கள். இரண்டு பகுதியிலும் பாதிக்கு மட்டும் 45-ஆம் நாளை ஒட்டி, ஈரம் பார்த்து, ஜிப்சம் இட்டு மண் அணையுங்கள். பூக்கும் பருவத்தில் ஒவ்வொன்றிலும் நாலைந்து செடிகளின் வேரையும், அறுவடையில் பொக்கு விகிதத்தையும் தனித்தனியே குறித்து இங்கே எழுதினால், குட்டை வளர்ச்சியில் மணிச்சத்துக்கு எவ்வளவு பங்கு, பொக்கில் சுண்ணாம்புச்சத்துக்கு எவ்வளவு பங்கு என்று உங்கள் நிலத்தை வைத்தே பேச முடியும்.